கெண்டையும் கட்லாவும்: மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மீன் வரலாறு

கயல்விழி, சேல்விழி, கெண்டைவிழி ஆகிய உவமைகளைத் தமிழ் படித்தோர் எத்தனை முறை கடந்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. உரைநூல்கள் பெரும்பாலும் மூன்றுக்கும் 'ஒருவகை மீன்' என்று ஒரே வரியில் விடைகொடுத்துவிடுகின்றன. நாமும் அதனையே மாணவர்க்குச் சொல்லி அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். மருத நிலத்துப் பூவையும் புள்ளையும் ஆராய்ந்த அளவுக்கு அந்நிலத்து நீருக்குள் நாம் இறங்கிப் பார்த்ததில்லை. பாண்டியர் தம் கொடியில் எழுதிய மீன் எது, காவிரியைப் பெண்ணாக்கி நடக்கவிட்ட இளங்கோவடிகள் அவளுக்குக் கண்ணாக வைத்த கயல் எது, அம்மீன் இன்றும் அவ்வாற்றில் உள்ளதா என்னும் வினாக்கள் இலக்கிய வகுப்பில் எழுவது அரிது. எழுந்தால், விடை தேடி மேட்டூர் வரை செல்ல நேரும்.

மேட்டூர் அணையை நாம் நெல்லோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். சூன் 12 அன்று மதகு திறந்ததா, குறுவைக்கு நீர் போதுமா, நீர்மட்டம் எத்தனை அடி என்பவையே நமக்குச் செய்தி. 120 அடி என்பது தஞ்சை உழவர் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த எண். அந்த 120 அடி நீருக்குள் எவை வாழ்கின்றன என்பது மட்டும் செய்தியாவதில்லை. எனினும் அணைப்பக்கம் சென்று வருவோர் சாலையோரத்து மீன் வறுவற் கடைகளைக் காணாமல் திரும்ப முடியாது. மாலையில் பரிசலேறி வலையிட்டு, விடியலில் அதனை எடுத்துக் கரைசேரும் மீனவரின் கூடையில் பெரும்பாலும் கிடப்பவை கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை ஆகியவையே. வாளையும் கெளுத்தியும் இடையிடையே தென்படும். முதலில் சொன்ன ஐந்தும் வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டவை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டுப் பேராறுகளின் மீன்கள். சாதாக் கெண்டையின் பூர்விகம் ஐரோப்பாவும் ஆசியாவின் வடபகுதிகளும். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவினது. சோழநாட்டுப் புலவன் கண்ட கெண்டையை இக்கூடையில் தேடினால் அருகியே கிடைக்கும்.

முதலில் அப்பழைய கெண்டைகளைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம். அவை மேலை அறிவியல் ஏட்டில் ஏறியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் யோன் என்னும் லுத்தரன் போதகர் இருந்தார். தாம் சேர்த்த மீன்களை அவர் பெர்லினில் மருத்துவராயிருந்த மார்க்கஸ் எலீசர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக் அதற்கு நன்றியாகக் கத்தாழை மீன்களுள் ஒரு பேரினத்துக்கு 'ஜோனியஸ்' என்று அவர் பெயரையே இட்டார். கடற்கரையில் கத்தாழை வாங்கும் நம்மவர்க்கு அதன் அறிவியற் பெயருக்குள் ஒரு தரங்கம்பாடிப் பாதிரியார் ஒளிந்திருப்பது தெரியாது. அதே பிளாக் 1795இல் தென்னிந்திய நன்னீர்க் கெண்டைகள் இரண்டனை விவரித்தார். ஒன்றின் உதட்டோரம் குஞ்சம்போல் இழையிழையாக இருந்தமையால் 'ஃபிம்ப்ரியேட்டஸ்' என்றார். மற்றதன் வாயருகே உள்ள மீசையிழைகளைக் கருதிச் 'சிர்ரோசஸ்' என்றார். முன்னதையே சேல் கெண்டை என்றும் பின்னதை வெண்கெண்டை என்றும் தமிழில் வழங்குகிறோம். ஆக, சேல் என்பது புலவரின் கற்பனைச் சொல்லன்று. குஞ்சம் வைத்த உதடும் வெள்ளிச் செதிலும் உடைய, ஆற்றின் அடிப்பாசியை மேயும் ஒரு திட்டமான மீன்.

1849இல் சென்னைப் படையின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது காவிரிக்கே உரிய இன்னொரு கெண்டையை விவரித்தார். லேபியோ கோன்டியஸ் என்பது அதன் பெயர். 1867இல் மற்றொரு படைமருத்துவரான பிரான்சிஸ் டே நீலகிரியின் அடிவாரத்து ஆறுகளை ஆராய்ந்து, பவானியிலிருந்து ஒரு பெருங்கெண்டையை 'டூபியஸ்' என்று பெயரிட்டு அறிவித்தார். 'ஐயத்துக்குரியது' என்பது அச்சொல்லின் பொருள். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. மேட்டூர்க் கதையில் இம்மீன் மீண்டும் வரும்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, அதாவது 1800இல், வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றிவந்தார். கொங்குநாட்டு வரலாறு எழுதுவோர் எவரும் அவருடைய பயணநூலைத் தொடாமல் எழுதுவதில்லை. அவர் கொள்ளேகாலப் பக்கத்திலிருந்து மலையிறங்கிக் காவேரிபுரம் வந்து, காவிரியை ஒட்டியே நெரிஞ்சிப்பேட்டை, பவானி எனச் சென்றார். காவேரிபுரம் இன்று மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேலைக்கரையூர். இதே புக்கானன் பின்னர் ஹாமில்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு வங்கத்தில் பணிபுரிந்து, 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் அறிவியலுக்கு அறிவித்த நூல் அதுவே. பின்னாளில் எந்த ஆற்றில் அம்மூன்றும் குடியேற்றப்படவிருந்தனவோ அந்த ஆற்றின் கரையில், அவற்றைப் பெயரிடுவதற்கு 22 ஆண்டுகள் முன்னரே, அவர் நடந்திருக்கிறார். வரலாறு சிலவேளைகளில் நாவலாசிரியரை விடவும் துணிச்சலாகத் தற்செயல்களை அமைத்துவிடுகிறது.

அணைக்கு வருவோம். மைசூருக்கும் சென்னைக்கும் 1924இல் உடன்பாடு ஏற்பட்டது. 1925இல் மேட்டூரில் பணி தொடங்கி 1934இல் முடிந்தது. அப்போதைய சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; நிரம்பினால் நீர் ஒகேனக்கல் அருகுவரை ஏறி நிற்கும். மூழ்கிய ஊர்களின் நினைவாகப் பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், ஒரு பழைய கிறித்தவத் தேவாலயத்தின் கோபுரமும் நீர் தாழும் கோடைகளில் வெளிப்பட்டு நிற்பதைச் செய்தித்தாள்கள் படமெடுத்துப் போடுகின்றன. நீருக்குள் போன ஊர்களுக்கு அவ்வாறு அடையாளச் சின்னங்கள் கிடைத்துவிட்டன. அணையால் போன மீன்களுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை.

(ஓர் ஒப்புமை: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 தொடங்கி 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. கயல், கெண்டை, சேல் ஆகிய சொற்களைப் பேரறிஞர் சிலர் சென்னையில் அமர்ந்து அச்சிலேற்றிய அதே ஆண்டுகளில், அச்சொற்களுக்குரிய உயிர்களின் ஆறு மேட்டூரில் மறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருக்க நியாயமில்லை.)

ஆற்றை மறித்தால் மீனுக்கு என்ன ஆகும் என்பது அக்காலத்தார் அறியாத செய்தியன்று. மேலே சொன்ன பிரான்சிஸ் டே 1873இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையிலேயே, பாசன அணைகள் மீன்களின் ஏறுபாதையை அடைத்துவிடுகின்றன என்று எச்சரித்து, மீன்கள் ஏறிச்செல்ல அணைகளில் வழி விடவேண்டும் என்று வலியுறுத்தினார். முக்கொம்பு மேலணையும் கீழணையும் 1830களிலேயே எழுந்துவிட்டன. அவற்றால் முதலில் இடர்ப்பட்டது உல்லம். வங்காளியர் உயிரைக் கொடுத்து உண்ணும் இலிஷ் மீனுக்கு நம் கரையில் வழங்கும் பெயர் அது. கடலில் வாழ்ந்து, வெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறி முட்டையிடும் இயல்பினது. காவிரியில் உல்லம் ஏறியது என்பதே இன்று பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கும்.

1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடிப்பதை அது தடுத்தது. அத்துடன், ஆற்றில் நிலையான பொறிகள் வைப்பதையும், தடுப்புகள் கட்டுவதையும், வலையின் கண்ணளவையும் ஒழுங்குசெய்ய மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. நல்ல சட்டமே. ஆனால் ஒரு செம்படவர் மூங்கிற்பாளையால் ஓடையை மறித்தால் அது விதிக்கு உட்படும். அரசே கருங்கல்லால் ஆற்றை மறித்தால் அது முன்னேற்றம். சட்டத்தில் எழுதாமலே விளங்கிக்கொள்ளப்பட்ட வேறுபாடு இது.

1941இல், சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த பி. சுந்தர ராஜ், இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அணைகளும் மீன்வளமும், மேட்டூர் இந்தியாவுக்குத் தரும் பாடம் என்பது அதன் தலைப்பின் பொருள். அணை முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அணைக்குக் கீழே காவிரியின் உல்ல மீன்வளம் குன்றியதை அரசுப் பணியாளர் ஒருவரே அச்சில் எழுதி, 'பாடம்' என்று தலைப்பும் இட்டார் என்பதை நாம் மதிக்கவேண்டும். பாடம் எழுதப்பட்ட பின்னரே இந்நாட்டின் பெரிய அணைகளுள் மிகப் பல எழுந்தன என்பதையும் உடன் குறிக்கவேண்டும்.

உல்லத்தின் கதை எளிது: கதவு மூடப்பட்டது, விருந்தாளி வரவில்லை. கெண்டைகளின் கதை அவ்வளவு எளிதன்று. அவை கடலுக்குச் செல்பவையல்ல. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே மடிபவை. அணை கட்டியபின் அவற்றுக்கு நீர் குறையவில்லை, கூடியது. பிறகு ஏன் அருகின?

இதற்கு விடை ஆடிப்பெருக்கில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்து, செந்நிறப் புதுப்புனல் ஆனியிலும் ஆடியிலும் இறங்கிவருவதை நம் முன்னோர் விழாவாகக் கொண்டாடினர். மீன்களும் அதே நாளுக்குத்தான் காத்திருந்தன. நீரின் வேகம், கலங்கல், குளிர்ச்சி, மட்ட உயர்வு ஆகியவை சேர்ந்தே சினையுற்ற கெண்டைக்கு அழைப்பாகின்றன. அது எதிர்நீரில் ஏறி, வெள்ளம் புதிதாகப் பரந்த ஆழமற்ற கரைகளில் முட்டையிடும். குஞ்சுகள் அப்புதுநீரின் சிற்றுயிர்களை உண்டு வளர்ந்து, வெள்ளம் வடியும்போது ஆற்றுக்குள் இறங்கும். வரப்பில் கெண்டை பாய்வதையும், வயலில் உழும் எருமையின் காலில் மீன் மிதிபடுவதையும் மருதத்துப் பாடல்கள் ஓயாமல் சொல்வதை மிகையென்று நகைப்போர் உண்டு. வெள்ளச் சமவெளியில் முட்டையிடும் மீனினங்களின் வாழ்வை அறிந்தவர் நகைக்கமாட்டார். அது வளமிகுதியின் வருணனை மட்டுமன்று. இனப்பெருக்கப் பருவத்தின் நேர்க்காட்சியும் ஆகும்.

அணை அந்த வெள்ளத்தை வாங்கிக்கொண்டது. மேட்டூருக்குக் கீழே, மீன் கேட்டுப் பழகிய அழைப்பு வருவது நின்று, பொறியாளரின் கணக்குப்படி அளந்துவிட்ட நீர் வந்தது. மேட்டூருக்கு மேலே ஆறு ஏரியாயிற்று. ஓடும் நீரில், பாறையிலும் கூழாங்கல்லிலும் படிந்த பாசியை மேய்ந்த கெண்டைகளுக்குத் திடீரென நூறடி ஆழமுள்ள அசையா நீர் வாழிடமானது. ஆழத்தில் ஒளியில்லை, ஒளியில்லாத இடத்தில் பாசியில்லை. சேல் கெண்டை முதலியவை ஒருவாறு தாக்குப்பிடித்தன. டே விவரித்த அந்த 'டூபியஸ்' கெண்டை, அணையின் தொடக்க ஆண்டுகளில் மேட்டூர் வலைகளில் கணிசமாக விழுந்துகொண்டிருந்தது. பின்னர் குறைந்து குறைந்து, கணக்கேடுகளிலிருந்தே மறைந்துவிட்டது. பெயரிட்டவர் 'ஐயம்' என்றதை ஆறு வேறு பொருளில் மெய்ப்பித்தது.

ஏரியான நீரில் வேறொன்று பெருகிற்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மிதவையுயிர்கள் மேல்நீரில் திரண்டன. அவற்றை வடித்துண்ணும் பெருமீன் காவிரியில் இருக்கவில்லை. ஓடும் ஆற்றுக்கு அப்படியொன்று தேவைப்பட்டதும் இல்லை. பந்தி விரிந்திருக்கிறது, உண்ண ஆளில்லை என்ற நிலை. மீன்துறையினர் அந்த இடத்துக்குக் கட்லாவைக் கொணர்ந்தனர். வடக்கே ஆந்திரப் பகுதி ஆறுகளிலிருந்து குஞ்சுகள் வந்தன. கட்லாவின் உடலமைப்பே இவ்வேலைக்கென்று செய்ததுபோல் இருக்கும்: உடலில் கால்வாசியை நெருங்கும் பெருந்தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், செவுளில் வடிகட்டியென அடர்ந்த இழைகள். வளர்ச்சியும் வேகம். புதிய ஏரியில் அது மளமளவெனப் பெருத்தது. அதனினும் வியப்பு, நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒகேனக்கல் நோக்கிய ஆற்றுப்பகுதியில், பழைய கெண்டைகள் கேட்ட அதே ஆடி வெள்ளத்தின் அழைப்பைக் கேட்டு, அது தானாகவே இனம்பெருக்கவும் செய்தது. மேட்டூர் என்றால் கட்லா என்றாகிவிட்டது.

இதனைப் படையெடுப்பாகச் சித்திரிப்பது எளிது. நாட்டுமாடு, நாட்டுநெல் என்னும் வரிசையில் நாட்டுக்கெண்டையையும் நிறுத்தி, வந்தேறி மீனைப் பழிப்பதற்கு இன்று கைதட்டலும் கிடைக்கும். நமக்கு அதில் உடன்பாடில்லை. கட்லா எவருடைய இடத்தையும் பறித்துக்கொண்டு மேட்டூருக்குள் நுழையவில்லை. ஆற்றை ஏரியாக்கியவர் ஏற்படுத்திய வெற்றிடத்தில் அமர்த்தப்பட்டது. அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. ஊர் மூழ்கியபின் உழுவதற்கு நிலமில்லாதவர்க்கும், ஆற்றில் வீச்சுவலை வீசிப் பழகிய செம்படவர்க்கும், பிற ஊர்களிலிருந்து பரிசலோடு வந்து கரையேறியவர்க்கும் இந்த நீர்த்தேக்கம் வயிறு நிரப்பியது. வீச்சுவலை ஆழ்நீருக்கு உதவாது என்றாகவே 'ரங்கூன் வலை' என்ற சிக்குவலை பரவிற்று. அடிக்கயிறு இல்லாமல் தொங்கும் அவ்வலையில் பெருமீன் தலையைக் கொடுத்துத் தானே சுற்றிக்கொள்ளும். பர்மாவோடு நமக்கிருந்த தொடர்பை வட்டிக்கடையும் தேக்குமரமும் மட்டும் நினைவூட்டுவதாக எண்ணியிருப்போர், மேட்டூர் வலையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். உரிமம், கூட்டுறவுச் சங்கம், துறையோடு பங்கு எனப் பின்னர் வளர்ந்த ஏற்பாடுகள் தனிக் கட்டுரைக்குரியவை.

1957ஆம் ஆண்டு சூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுதரி என்னும் அறிவியலர், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழி செலுத்தி, ஆற்றுக்குச் செல்லாமலே பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அந்நாள் இன்றும் இந்தியாவில் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதுவரை மீன்குஞ்சு வேண்டுவோர் வெள்ளக்காலத்தில் ஆற்றில் துணிவலை கட்டி அள்ளவேண்டியிருந்தது. இனிமேல் ஆடி வெள்ளத்தின் அழைப்பை ஒரு மருந்தூசியே விடுத்துவிடும். உணவுத் தட்டுப்பாட்டால் வாடிய நாட்டுக்கு இது பெரும்பேறு, ஐயமில்லை. ஆயினும் பொரிப்பகங்களில் எந்த மீன் எளிதாகப் பெருகியதோ அதுவே நாடெங்கும் எல்லா ஏரிகளுக்கும் அனுப்பப்பட்டது. வைகையோ அமராவதியோ பவானிசாகரோ, எந்த நீராயினும் அதே மூவர். 'இந்தியப் பெருங்கெண்டைகள்' என்று துறையேடுகள் அவற்றை அழைத்தன. ஓர் ஆற்றுத்தொகுதியின் மீன்கள் முழு நாட்டின் பெயரைப் பெற்றன. மற்ற ஆறுகளின் மீன்கள் 'உள்ளூர் வகை' ஆயின. மொழிவரலாறு பயின்றோர்க்கு இந்நிகழ்வு புதியதாகத் தோன்றாது.

மிர்காலைக் குறித்து ஒரு சொல். நம் வெண்கெண்டையும் வடக்கத்தி மிர்காலும் ஒரே இனமே என்று மீனியல் அறிஞர் சிலரும், வேறெனச் சிலரும் வாதிட்டு வந்துள்ளனர். இரண்டும் நெருங்கிய உறவின என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. அவ்வாறாயின் நாம் நெடுங்காலமாகச் செய்துவருவது, வீட்டிலிருந்த வெண்கெண்டையைக் கவனியாமல் விட்டு, அதன் ஒன்றுவிட்ட தம்பியை ஆயிரம் கல் தொலைவிலிருந்து தருவித்தது.

இனிப் பெயர்களின் கதை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு கெண்டை வந்தது. உலகெங்கும் குளங்களில் வளர்க்கப்படும் இனமாதலால் 'சாதாக் கெண்டை' ஆயிற்று. 1952இல், மீண்டும் இலங்கையிலிருந்து, மண்டபத்துக்கு ஆப்பிரிக்கத் திலாப்பியா வந்தது. அது கெண்டைக் குடும்பமே அன்று; முதுகில் முள்வரிசையுள்ள வேறு குலம். ஆனால் மக்கள் அதனை 'ஜிலேபிக் கெண்டை' என்றனர். 1959இல் ஆங்காங்கிலிருந்து புல் தின்னும் கெண்டையும், ஜப்பானிலிருந்து வெள்ளிக் கெண்டையும் இந்தியாவுக்கு வந்தன. முன்னது 'புல் கெண்டை' எனப்பட்டது. ஆக, ஆற்றில் கெண்டைகள் அருகிய அரை நூற்றாண்டில் அகராதியில் கெண்டைகள் பெருகின. கட்லா தன் ஊர்ப்பெயரை விடாமல் தமிழுக்குள் வந்து குடியேறிற்று. ஒரு சொல் வாழ்கிறது என்பதால் அதன் பொருளும் வாழ்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். 'கெண்டை' என்ற சொல்லுக்கு இன்று தமிழ்நாட்டில் எந்தக் குறையும் இல்லை. சந்தையில் நாள்தோறும் ஒலிக்கிறது. அச்சொல்லின் ஆரவாரத்துக்கு அடியில் அதன் பழைய உரிமையாளர் ஓசையின்றி வெளியேறியதே இந்த வரலாற்றில் நம்மை உறுத்துவது.

வலைக்காரரின் கதையைப் பார்த்தோம். தூண்டிற்காரரின் கதையும் அதே திசையில்தான் சென்றது. தூண்டில் நமக்கு வெள்ளையர் கற்பித்ததன்று. தூண்டிலில் அகப்பட்டுத் தப்பிய வாளை, கரையோரப் பிரம்பின் நிழலசைவைக் கண்டும் தூண்டிற்கோலென அஞ்சுவதைப் பெரும்பாணாற்றுப்படை பாடிய உருத்திரங்கண்ணனார் கண்டிருக்கிறார். ஆயினும் தூண்டிலைப் பொழுதுபோக்காக்கி அதற்கு நூல் எழுதும் வழக்கம் ஆங்கிலேயரோடு வந்தது. சென்னைச் சிவில் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றியும், 1887இல் ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றியும் இரு நூல்களை வெளியிட்டார். அவ்வகையினர் தேடிய அரசமீன் மஹ்சீர். அதுவும் கெண்டைக் குடும்பத்ததே. தமிழில் பொம்மீன் என்பர். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த பொம்மீன் 120 பவுண்டு எடை. தூண்டிலில் அகப்பட்ட மஹ்சீர்களுள் அதுவே இன்றளவும் பேசப்படும் பெருமீன்.

முதுகில் திமிலுடைய அக்காவிரிப் பொம்மீனுக்கு அறிவியலில் சரியான பெயரே நெடுங்காலம் இல்லை. அமராவதியில் வந்து கலக்கும் பாம்பாற்றில் கண்டறிந்து, சென்னை விலங்கியல் ஆய்வகத்தின் ரமா தேவியின் பெயரால் வழங்கப்பட்ட இனமே அது என்பது 2018இல்தான் தெளிவாயிற்று. தெளிவான அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணங்களுள் ஒன்று நமக்குப் பழகியது. மராட்டியத்தின் லோனாவாலாவில் ஒரு மின் நிறுவனம் நடத்திய பொரிப்பகத்தில் 1970கள் தொட்டு நீலத்துடுப்பு மஹ்சீர் பெருமளவில் வளர்க்கப்பட்டது. அக்குஞ்சுகள் நல்லெண்ணத்தோடு காவிரியிலும் விடப்பட்டன. வந்தது பெருகியது, இருந்தது அருகியது. இங்கே வெற்றிடம் எதுவும் இருக்கவில்லை. இருக்கையில் ஆள் அமர்ந்திருந்தபோதே மற்றொருவர் அமர்த்தப்பட்டார். மேட்டூர்க் கட்லாவுக்குச் சொன்ன சமாதானத்தை இதற்குச் சொல்ல இயலாது.

கட்லாவும் எல்லா இடத்திலும் வென்றதில்லை. இமயத்தடியில், பக்ரா அணையின் கோவிந்தசாகரில் கட்லா செழித்திருந்தது. 1971இல் பண்ணையிலிருந்து தப்பிய வெள்ளிக் கெண்டை அந்நீருக்குள் புகுந்தது. அதுவும் மிதவையுயிரை வடித்துண்பதே. சில ஆண்டுகளில் வலைகளை நிறைத்தது வெள்ளிக் கெண்டை, கட்லா ஒதுங்கிற்று.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு மீன்வளத்துறை சேல் கெண்டை முதலிய நாட்டினங்களைப் பொரிப்பகத்தில் வளர்த்து, அவற்றின் விரலிகளை ஆறுகளில் விடத் தொடங்கியிருக்கிறது. பல்லாண்டுகளாகக் கட்லாவையும் ரோகுவையும் மட்டுமே விட்டுவந்த கைகள் சேலை விடுவது சிறிய செய்தியன்று. இதனைப் பாராட்டாமல் இருப்பது நேர்மையாகாது. ஆயினும் விடப்பட்ட சேல் வளர்ந்து சினையுற்று, மேட்டூருக்குக் கீழே எதிர்நீர் தேடும் நாளில் அதற்கு வெள்ளம் வேண்டும். ஆனி, ஆடியில் சில நாட்களேனும் ஆற்றின் இயல்பான ஏற்றத்தை ஒத்த நீர்விடுப்பை மீனுக்கென ஒதுக்கலாமா என்னும் வினா, நம் காவிரி வழக்குரைகளில் ஓங்கி ஒலித்ததில்லை. மாநிலங்கள் இரண்டும் டி.எம்.சி. கணக்கில் வாதிடுகின்றன. உழவர்க்கு எவ்வளவு, குடிநீர்க்கு எவ்வளவு என்று பேசப்படுகிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. தனியே குறிக்கப்பட்டது. அந்நீர் ஆண்டின் எந்நாளில், எவ்வேகத்தில் வரவேண்டும் என்பதைச் சொல்லக்கூடியவர் மீனியலார். அவர்களோடு, சேல் எப்போது கரையேறும் என்பதைத் தந்தை வழியே கேட்டறிந்த முதிய பரிசற்காரர் சிலர் கொளத்தூரிலும் பண்ணவாடியிலும் இன்னும் இருக்கக்கூடும். உரைநூல்களில் 'ஒருவகை மீன்' என்று எழுதிவரும் நம்மவர் அவர்களிடம் குறிப்பேட்டோடு சென்று, எந்தக் கெண்டைக்கு எந்தப் பெயர், எந்த மாதத்தில் எந்த மீன் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் பணி எஞ்சியிருக்கிறது.